மதகுக் கட்டையில் உட்காரும் பையன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மன்னார்குடி வட்டத்தில் ஒரு கிராமத்தில் பத்தொன்பது வருஷமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். போன ஆடி மாதம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. காணாமல் போன ஆறு வயதுச் சிறுவனை போலீசார் பொதுமக்கள் உதவியுடன் மீட்டுத் தாயிடம் ஒப்படைத்தனர் என்று ஐந்து வரி, பக்கத்தில் பையனின் படம். அந்தப் "பொதுமக்கள்" யார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆறு மாதம் கழித்து எதற்கு என்று கேட்கலாம். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்குத் திருப்பூரிலிருந்து யாரோ ஒருவர் அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்து, "உங்க பையன் மாதிரியே ஒருத்தனை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேம்மா" என்றாராம். பையன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான். அப்படியும் அவள் எழுந்து லைட்டைப் போட்டு அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். காலையில் என்னிடம் வந்து சொன்னபோதும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். ஆடிக் கடைசி வெள்ளி, மாரியம்மன் கோயிலில் கஞ்சி வார்த்தல். ஊரே கோயில் வாசலில் இருந்தது, மைக் செட்டு காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. பையனுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சத்தம் அதிகமானால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவான். என் மையத்துக்கு இரண்டு வருஷம் வந்தவன், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மா பாத்திரத்தை நீட்டிக் கஞ்சி வாங்கித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். மணி நாலரை இருக்கும்.

அடுத்த அரை மணி நேரம் நாங்கள் பெரியவர்கள் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பெண்கள் அழுதோம். ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்கள். ஒருத்தர் போனதைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து இன்னொருத்தர் என்று ஏறக்குறைய முப்பது வண்டி ஒரே ரோட்டில், ஒரே திசையில், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போனது. ஆறு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நடப்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊருக்குப் பின்னால் பாமணியாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மேட்டூர் திறந்து இரண்டு மாதம், ஆடிப் பெருக்குக்கு விட்ட தண்ணீர் வடியவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் போகவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பெயர் வேண்டாம், அவளே போடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம் படிக்கிறாள், நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறாள். அவளும் என்னிடம் சத்துமாவு உருண்டை சாப்பிட்டு வளர்ந்தவள்தான். நேராகக் கோயிலுக்குள் போய் மைக் செட்டுக்காரரிடம், "அண்ணே, பாட்டை நிறுத்துங்க, அவன் சத்தத்துக்குப் பயந்துதான் போயிருப்பான், சத்தம் இருந்தா திரும்பி வர மாட்டான்" என்றாள். சத்தம் நின்றதும்தான் எங்களுக்கே கொஞ்சம் புத்தி வந்தது. அப்புறம் அந்த அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, அழுகையை நிறுத்தச் சொல்லாமல், அழுதுகொண்டே பதில் சொல்ல விட்டாள். என்ன சட்டை, காலில் செருப்பு உண்டா, கடைசியாக எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான், அவனுக்கு ரொம்பப் பிடித்தது எது. கடைசிக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம். "மோட்டார் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே இருப்பான், தண்ணி குதிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருப்பான்" என்றாள் அம்மா.

நான்கு கோடு போட்ட கையெழுத்து நோட்டு ஒன்றில் அவள் ஊரை வரைந்தாள். தெரு, வாய்க்கால், களம், மூன்று குளம், பம்புசெட் கொட்டகைகள், பழைய போர்வெல் குழிகள். பேர் பேராக எழுதிப் பிரித்தாள். ஒரு இடத்துக்கு இரண்டு பேர், தனியாக யாரும் போகக் கூடாது, நீச்சல் தெரியாதவன் வாய்க்கால் பக்கம் போகக் கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை திண்ணைக்குப் போன் செய்து பார்த்த இடத்தைச் சொல்ல வேண்டும், அவள் அதை நோட்டில் அடித்துவிடுவாள். பார்த்த இடத்தையே பத்துப் பேர் பார்த்து, பார்க்காத இடம் பார்க்காமலே கிடப்பது இதனால் நின்றது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று பிறகு கேட்டேன். கஜா புயலின்போது அவள் அண்ணனும் கூட்டாளிகளும் நிவாரணச் சாமான் கொடுக்க இப்படித்தான் தெருத் தெருவாக நோட்டுப் போட்டார்களாம். 2018 நவம்பரில் இவள் பள்ளிக்கூடப் பிள்ளை, திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள்.

அவள் கூப்பிட்டதும் வந்தவர்கள் யார் தெரியுமா? வாய்க்கால் மதகுக் கட்டையில் சாயங்காலம் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருக்கும் பையன்கள். பொம்பளைப் பிள்ளைகள் போகிற வழியில் உட்காராதீர்கள் என்று நானே பல தடவை சத்தம் போட்டிருக்கிறேன். வாய்க்காலில் குதித்து விளையாடுகிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் புகார் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு அந்தப் பையன்களுக்குத்தான் எந்த மதகில் சுழல் இருக்கிறது, எங்கே கோரை அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் ஒரு பொருள் மிதந்து வந்தால் தங்கும் என்று தெரிந்திருந்தது. முதல் பத்து நிமிஷத்தில் ஆறு பேர் இரண்டு கரையிலும் பிரிந்து நடந்தார்கள். இரண்டு பேர் கீழ் மதகில் மூங்கிலைக் குறுக்கே கட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள். மதகுகளைத் திறந்து மூடும் பாசன ஊழியரை லஸ்கர் என்போம், அவருக்குப் போன் செய்தார்கள். அவர் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வந்து ஷட்டரை இறக்கிக் கொடுத்தார். தண்ணீர் முதலில், ரோடு பிறகு என்று அந்தப் பெண் சொன்னதுதான் சரி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வீட்டை விட்டு நகர்ந்துவிட்டால் அவர்களுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து தண்ணீர்தான். இதை, வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் அந்த அம்மாவிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு எதுவும் நினைவில்லை, எந்தத் தாய்க்குத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு பேரைப் போர் குழிகளைப் பார்க்க அனுப்பினாள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் குழிக்குள் போனது, தீபாவளியும் அதுவுமாக நாலு நாள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம், பிள்ளை உயிரோடு வரவில்லை. கைவிட்ட குழிகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் வருஷமே சொல்லியிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் ஊர் எல்லைக்குள் மட்டும் மூடாத குழி மூன்று இருந்தது. பையன்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றின் மேலும் கல்லை உருட்டி வைத்துவிட்டு வந்தார்கள். அதைச் செய்யச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் கஞ்சிக்கு எங்களோடு வரிசையில் நிற்காதவர்கள் தெற்குத் தெருக்காரர்கள், ஏன் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்தத் தெருவிலிருந்து ஒன்பது பையன்கள் கூப்பிடாமலே வந்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர்கள். வரப்பும் கொட்டகையும் எங்களைவிட அவர்களுக்குத்தான் அத்துப்படி. நோட்டில் அந்தப் பெண் ஜோடி போட்டபோது தெரு பார்க்கவில்லை. வேண்டுமென்றே கலந்து போட்டாளா, அப்படி வந்ததா என்று நான் கேட்கவில்லை. மேலத்தெருப் பையனும் தெற்குத் தெருப் பையனும் ஒரே வண்டியில் போனதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

இதற்கு நடுவில் பையனின் மாமா புகார் கொடுக்கப் போயிருந்தார். எந்தக் காவல் நிலையம் என்று எழுத மாட்டேன். அங்கே இருந்தவர், "சொந்தக்காரங்க வீட்ல தேடுங்க, இல்லைன்னா காலைல வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காலையில்! குழந்தை காணாமல் போன புகாரை உடனே முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், காணாமல் போன பிள்ளையைக் கடத்தப்பட்ட பிள்ளையாகவே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10ஆம் தேதி உத்தரவு போட்டிருக்கிறது. கைலாஷ் சத்யார்த்தி தொடங்கிய இயக்கம் போட்ட வழக்கில் வந்த உத்தரவு அது. எங்கள் எல்லை இல்லை என்று சொல்லவும் வழியில்லை, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் சென்னையிலிருந்து போனில் மாமாவுக்குச் சொன்னான், என்ன வார்த்தை பேச வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தான். இன்னொருத்தன் 1098க்கு அடித்தான். 1996இல் மும்பையில் தொடங்கின சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி எண் அது, இப்போது அரசே நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் சேர்த்துவிட்டார்கள். என் மையத்துச் சுவரில் அந்த எண் பெயிண்டில் எழுதி இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் உட்காருகிறேன், எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மாமா இரண்டாவது தடவை போனபோது வேறு ஒரு சார்பு ஆய்வாளர் பணிக்கு வந்திருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உடனே பதிந்தார், அரை மணியில் ஊருக்கு வந்தார், வந்தவர் கூட்டத்தை விரட்டவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார், "இதையே வச்சுப் போவோம்" என்றார். டவுனில் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தைத் தன் ஆட்கள் பார்த்துக்கொள்வதாகவும், ஊர்ப்பக்கத்தைப் பிள்ளைகளே பார்க்கட்டும் என்றும் சொன்னார். இரண்டு அதிகாரிகளும் ஒரே நிலையம்தான். பணி மாறும் நேரத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தா ஒரு பிள்ளையின் உயிர் இருக்க வேண்டும்?

இருட்டிய பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பையனின் படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. முதலில் போட்டது எங்கள் பிள்ளைகள்தான், படம், சட்டை நிறம், இரண்டு போன் எண், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் அதே படம் வேறு கதையோடு திரும்பி வந்தது. வெள்ளை வேனில் நாலு பேர், ஹிந்தி பேசுகிறார்கள், பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஒரு பெண் குரல். யார் குரல் என்று இன்றுவரை தெரியாது. சிங்கப்பூரில் இருந்த அப்பா தன் பிள்ளையின் படத்தை அந்தக் கதையோடுதான் முதலில் பார்த்தார். வீட்டிலிருந்து அவருக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை, கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். அந்த மனிதர் அந்த ராத்திரியை எப்படிக் கழித்தாரோ.

அந்தக் குரல் வந்த கொஞ்ச நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் போர்வை விற்கும் வடக்கத்தி ஆள் ஒருவரை இருபது முப்பது பேர் சுற்றிக்கொண்டார்கள். பாவம், ஊர் ஊராகப் போர்வை கட்டிக்கொண்டு வருபவர், கடைசி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஒருத்தர் சட்டையைப் பிடித்துவிட்டார். தேடிக்கொண்டிருந்த நம் பையன்களில் மூன்று பேர் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே பூந்து அவரைச் சுற்றிக் கை கோத்து நின்றார்கள். அதில் ஒருத்தனுக்கு உதட்டில் அடி விழுந்தது, அடித்தது அவன் சொந்தப் பெரியப்பா. "அடிங்க பெரியப்பா, என்னை அடிங்க, இவர் நாலு மணிக்கு மேலத்தெருவுல எங்க அம்மாகிட்ட போர்வை வித்துக்கிட்டு இருந்தார், நான் பார்த்தேன்" என்று கத்தியிருக்கிறான். அவரை அழைத்துவந்து சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். சார்பு ஆய்வாளர் விசாரித்துவிட்டுத் தன் ஜீப்பிலேயே மன்னார்குடியில் இறக்கிவிட்டார்.

இதை நான் பெரிதாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. கூட வந்த வயதான அம்மா அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே வாரம் பழவேற்காட்டிலும் ஒரு மனிதரை அப்படியே கொன்றார்கள். அந்த வருஷம் நாடு முழுக்க இப்படிச் சாவு விழுந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் பகிர முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிள்ளையைத் தேடுகிற கூட்டமும் ஆளை அடிக்கிற கூட்டமும் வேறு வேறு ஊரிலிருந்து வருவதில்லை. அதே தெரு, அதே ஆட்கள், அதே பதற்றம். எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு கொலை விழாமல் போனதற்கு மூன்று பையன்கள்தான் காரணம், அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பையன் கிடைத்தது ஒன்பது இருபதுக்கு. அதற்குள் வாய்க்கால் முழுக்கப் பார்த்தாகிவிட்டது, அடைப்பு எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மூச்சு வந்தது. தெற்குத் தெருவில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் பையன் திண்ணைக்கு வந்து, "அக்கா, மோட்டார்னா பிடிக்கும்னு சொன்னாங்கள்ல, இன்னைக்கு ராத்திரி எந்தெந்த மோட்டார் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த நேரம். ஐந்து கொட்டகை. கொட்டகைகளைச் சாயங்காலமே ஒரு தடவை பார்த்தாகிவிட்டது, ஆனால் அப்போது அவை ஓடவில்லை. அவன் சொன்ன இன்னொன்று, பெயர் சொல்லிக் கத்தாதீர்கள், கத்தினால் அவன் ஒளிந்துகொள்வான், வண்டியையும் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அதுவரை ஊர் முழுக்க அவன் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தோம், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையின் பெயரை.

நாலாவது கொட்டகையில், ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், தண்ணீர் விழும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். காலெல்லாம் சேறு, ஒரு கை தண்ணீருக்கு அடியில். பையன்கள் கிட்டே போகவில்லை. டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளை தொட்டியில் விழப் போனால் பிடித்துவிடும் தூரத்தில் ஒருத்தன் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டான், மற்றவர்கள் அம்மாவை வண்டியில் வைத்து அழைத்துவந்தார்கள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தண்ணீரில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து அவள் மடியில் ஏறிக்கொண்டான். நான் இதைப் பார்க்கவில்லை, திண்ணையில் நோட்டோடு இருந்தேன். சொன்ன பையன் சொல்லிவிட்டு அழுதான், இருபத்தோரு வயது.

சரி, பிள்ளை கிடைத்துவிட்டான். அதற்கு மேல்தான் என் வருத்தமெல்லாம்.

கருவேல முள் பாதத்தில் ஏறி ஒரு பையனுக்குச் சீழ் வைத்துவிட்டது, பன்னிரண்டு நாள் ஜவுளிக்கடை வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளம் பிடித்துவிட்டார்கள். பெட்ரோல் எல்லாம் அவரவர் காசு. பாதிப் பேர் காலில் ரப்பர் செருப்போடு ராத்திரியில் வரப்பில் நடந்திருக்கிறார்கள், பாம்பு கடித்திருந்தால் யாரைக் கேட்பது? மறுநாள் படம் எடுக்க வந்தபோது முன்வரிசையில் நின்றது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பிய பெரியவர்கள். உங்கள் செய்தியாளரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் சொன்னதை அவர் எழுதினார். ஆனால் பிள்ளை கிடைத்த பிறகு அவன் படத்தை எதற்குப் போட்டீர்கள்? பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. தேடும்போது படம் வேண்டும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கிடைத்தவுடன் அந்தப் படத்துக்கு வேலை இல்லை. பேச முடியாத, கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளை இன்ன ஊரில் இருக்கிறான் என்று முகத்தோடு அச்சடித்து மாவட்டம் முழுக்கக் கொடுத்துவிட்டோம். அந்த அம்மா அதற்கு அப்புறம் அவனைக் கடைக்குக்கூட அழைத்துப்போவதில்லை. போன் எண்ணை மாற்றச் சொன்னோம், "எண் மாறினா அவனோட சிகிச்சைக்காரங்க எப்படிக் கூப்பிடுவாங்க டீச்சர்" என்கிறாள்.

எங்கள் பையன்கள் ஒரு காரியம் செய்தார்கள். பிள்ளை கிடைத்த பத்தாவது நிமிஷம் "கிடைத்துவிட்டான், தயவுசெய்து படத்தை அழித்துவிடுங்கள்" என்று எல்லாக் குழுவிலும் போட்டார்கள், முதலில் போட்ட படத்தை நீக்கினார்கள். ஆனால் வெள்ளை வேன் கதையோடு சுற்றும் படத்தை யார் நீக்குவது? அது போய்க்கொண்டே இருக்கிறது. இனி படம் போடுவதாக இருந்தால் படத்தின் மேலேயே தேதியும் நேரமும் எழுதிப் போட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். முன்னூறு போன் கைமாறிப் போனாலும் படத்தின் மேல் எழுதியது அழியாது, பார்க்கிறவருக்கு இது ஆறு மாதம் முன்னால் நடந்தது என்று தெரியும். எண்ணும் வீட்டு எண்ணாக இல்லாமல் நிலையத்தின் எண்ணாக இருக்க வேண்டும். திருப்பூர்க்காரர் போன் வந்த மறுநாள் அவள் சொன்னது இது.

என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் என்று பலர் அதில் உறுப்பினர். நானும் உறுப்பினர். கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன். பிள்ளை காணாமல் போனால் யார் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு கூட்டத்திலும் நாங்கள் பேசியதில்லை. அன்றைக்கு அந்தக் குழு என்று ஒன்று இருப்பதே எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. குழு செய்ய வேண்டியதை ஒரு இருபது வயதுப் பெண் கோடு போட்ட நோட்டில் செய்தாள்.

அதனால் போன ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து பேசினேன். வாழ்க்கையில் முதல் தடவை. இந்தப் பிள்ளைகளைக் குழுவில் சேருங்கள், பேருக்கு இல்லை, அவர்களிடம் பட்டியலைக் கொடுங்கள் என்றேன். நீச்சல் தெரிந்தவர் யார், வண்டி உள்ளவர் யார், மோட்டார் கொட்டகைச் சாவி யாரிடம், லஸ்கர் எண் என்ன, நிலையத்தின் எண் என்ன. ஊரில் தனியாக நகர்ந்துவிடக்கூடிய பிள்ளைகள், மறதி நோய் வந்த பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்ற விவரம் அந்தந்த வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் என் மையத்தில் பூட்டி வைத்துக்கொள்கிறேன், வேண்டிய நேரத்தில் மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். வெள்ளத்துக்கும் புயலுக்கும் ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆப்த மித்ரா என்று ஒரு திட்டம் இருக்கிறது, கல்லூரிகளில் 1969இலிருந்து என்.எஸ்.எஸ். இருக்கிறது. ஏழு நாள் முகாமில் கோயிலைச் சுத்தம் செய்து மரக்கன்று நடுகிறார்கள், நல்லதுதான், அதில் ஒரு அரை நாள் இதற்கு ஒதுக்கக் கூடாதா? எப்படித் தேடுவது என்பதைவிட, எப்போது கிட்டே போகக் கூடாது, எந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது, தடயம் இருக்கும் இடத்தை எப்படி மிதிக்காமல் விடுவது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள், அவர்களைத் தடுக்க முடியாது. அப்படி வருகிறவர்களை வெறும் காலோடு இருட்டில் அனுப்புகிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிராம சபையில் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். மார்ச் 22 கூட்டத்தில் பட்டியலைப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்காவிட்டால் மறுபடியும் எழுந்து கேட்பேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. காணாமல் போன பிள்ளையைத் தேட உங்கள் பத்திரிகை படம் போட்டால், கிடைத்த செய்தியை அதே அளவு எழுத்தில், படமில்லாமல், அதே இடத்தில் போடுங்கள். இரண்டாவது, உங்கள் இணையப் பக்கத்தில் அந்த ஆடி மாதச் செய்தியில் பையனின் படம் இன்னும் இருக்கிறது. நேற்று என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். அதை எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் ஊர்ப் பெயர் வேண்டாம், பையனின் வயதுகூட வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எடுத்துவிடுங்கள். மதகைப் பற்றியும் அந்தப் பையன்களைப் பற்றியும் எழுதியதை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் அலுவலகத்துக்கு நகல் எடுத்து அனுப்புகிறேன், பெயர்களை மட்டும் மறைத்துக் கொடுப்பேன். கடைசிப் பக்கத்தில் நாலாவது கொட்டகைக்கு நேராக அவள் பேனாவை அழுத்திக் கோடு போட்டதில் தாள் கிழிந்திருக்கிறது, அது நகலில் தெரியாது.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.